விலக்கு விதி நான்கு

பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
சுழன்றுகொண்டிருந்த குடுவை
பாதிச் சுற்றில் நின்றது.
உட்சுவரில் சோயா லெசித்தின்
ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் படியாமல்,
அரைகுறையாகச் சுண்ணாம்பு அடித்த சுவராட்டம்.
மண்டபத்தில் காற்றுக்கா பஞ்சம்?
கம்பிக்குத்தான்.

நான் செய்வது பொட்டலம்.
வாப்பா கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.
இந்தக் கொழுப்புக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று,
தண்ணீருக்கு அஞ்சும் வால் இரண்டு.
நீரில் விட்டால்
வாலெல்லாம் வாலோடு ஒண்டிக்கொள்ளும்,
தலைகள் உள்ளும் புறமும் காவல் நிற்கும்,
விளிம்பு வளைந்து மூடிக்கொள்ளும்
ஒரு மிடறு நீரோடு.
அந்த மிடறில்தான்
கட்டக்கோரைச் சாறு.

தோலும் கொழுப்புப் பூசிய மதில்தான்.
தன் சாயலில் வருகிறவரை
ரொம்ப விசாரிக்காது.
கீழக்கரையில் எங்கள் தெரு மாதிரி:
இன்னார் மகள் என்றால் தாழ் விலகும்.

நூற்றிருபது நானோமீட்டர் வரவேண்டும்.
கரண்ட் வந்தபின் அளந்தேன்.
நானூற்றுப் பத்து.
தள்ளுபடி என்று எழுதி
பாலாடைபோல் தடித்ததைக்
குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன்.

அன்று பிற்பகல்
சோதனைக்கு ஆள் எடுத்தோம்.
பதினாலு நாள், நாளுக்கு முந்நூறு.
சின்னப்பாலத்திலிருந்து நம்புத்தாய் வந்தாள்.
வளர்பிறையில் கடல் கலங்கிக் கிடந்த வாரம்,
பாசிக்குப் போகாத வாரம்.
படிவத்தை நான்தான் வாசித்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று
எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்றாள்.
நான்கு:
சோதிக்கும் இடத்தில் வெட்டு, சிராய்ப்பு, ஆறாத புண்
இருப்பவர் விலக்கப்படுவர்.

கையை மேசைமேல் வைத்தாள்.
துணிப்பட்டை சுற்றி மூழ்கும் விரல்கள்.
பட்டை மறைக்காத இடமெல்லாம்
பாறை கையெழுத்துப் போட்டிருந்தது.

‘வெட்டில்லாத தோலுக்கு மருந்து எதுக்குத்தா?’

மருந்து இல்லைக்கா,
அழகுச் சாமானுக்கும் மருந்துக்கும் நடுவுல.

‘மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவுல என்ன இருக்கு,
கடலு.
நல்லாத்தான் சொல்ற.’

பஸ் காசு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள்.
கொடுத்தேன்.
பிறகு கை தானாகக் கீழ்த்தட்டுக்குப் போனது.
ஒரு சின்னக் குப்பி.
பதிவேட்டில் ‘அழிக்கப்பட்டது’ என்று எழுதினேன்.
பொய் எழுதும்போது
என் கையெழுத்து அழகாகிவிடுகிறது.

அமாவாசை கழிந்து வந்தாள்,
காலித் தீப்பெட்டிபோல் குப்பியைக் குலுக்கிக்கொண்டு.
கையைப் பார்த்தேன்.
அதே வெட்டுகள், மேலே புதிது இரண்டு.
எனக்குள் ஏதோ இறங்கிப்போனது.

‘கைக்குப் போடலத்தா.
கைக்குப் போட்டா பாறை வழுக்கும்.
மொத நாளே ஒரு பிடி நழுவிப்போச்சு,
தூக்கி ஓரமா வச்சுட்டேன்.
அப்புறம் மூழ்குற கண்ணாடி விளிம்புல தடவிப் பாத்தேன்.’

கண்களைச் சுற்றி
ரப்பர் பதித்த வளையம்,
வட்டத்துக்குள் வட்டம்.
முகத்தை நீட்டிக் காட்டினாள்.

‘ஒரு சொட்டு உள்ள வரல.
மணலு மணலாத் தெரியுது.
கோரையோட வேரு தெரியுது.
வேர விட்டுட்டு அறுக்க முடியுது.’

நீரைத் தோலுக்குள் கொண்டுபோகப்
படைத்த பொட்டலம்.
அவளிடம் போய்
கடலைக் கண்ணுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது.
என் பதிவேட்டில் பன்னிரண்டு கட்டங்கள்.
ஈரப்பதம், நெகிழ்வு, சிவப்பு, அரிப்பு...
இதை எழுத ஒரு கட்டம் தேடினேன்.
‘இதர’ என்று கூட ஒன்று இல்லை.

புதிய தொகுப்பைக் காட்டினேன்.
நூற்றுப் பதினெட்டு. தேறியது.
தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் நடுவே,
சாயங்கால ரயிலுக்குக் காத்திருந்தது.
விரலில் தொட்டுத் தேய்த்தாள்.
தேய்க்கத் தேய்க்கக் காணாமல் போனது.
விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

‘இது நிக்க மாட்டேங்குதே.
அந்தக் கெட்டது இருக்கா?’

தீர்ந்துவிட்டது என்றேன்.

வாசல் வரை போனவள்
கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள்.
கம்பியில் ஒரு காகம்.

‘அடுத்து எப்பத்தா
கரண்டு போகும்?’